கண்மாய் வண்டலும் திருமயத்து மண்ணும்



திருமயம் என்றதும் பலருக்கு நினைவில் எழுவது கோட்டை. 1687ஆம் ஆண்டில் கிழவன் சேதுபதி எழுப்பிய அக்கோட்டையையும், அதே குன்றின் சரிவில் அடுத்தடுத்து அமைந்த சிவன், திருமால் குடைவரைக் கோயில்களையும், 1887இல் அவ்வூரில் பிறந்த தீரர் சத்தியமூர்த்தியையும் பற்றிப் பேசியோரும் எழுதியோரும் பலர். கோட்டைக்கும் கோயிலுக்கும் சோறிட்டது எதுவோ, அதனைப் பற்றிப் பேசியோர் மிகச் சிலர். அது அவ்வூரைச் சுற்றிக் கிடக்கும் மண். இன்று அம்மண்ணின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

மண்ணுக்கும் வரலாறு உண்டோ என்று சிலர் வினவலாம். அரசனுக்கு வரலாறு உண்டு, கோயிலுக்கு வரலாறு உண்டு, காலடியில் மிதிபடும் புழுதிக்கு ஏது வரலாறு என்று எண்ணுவது இயல்பே. ஆனால் திருமயச் சீமையின் வயல்மண், காவிரிப் படுகையின் மண்ணைப் போல ஆறு கொணர்ந்து வாரி இறைத்துவிட்டுப் போனதன்று. மக்கள் தம் கைகளால் பல நூற்றாண்டுகள் உழைத்து ஆக்கிக்கொண்டது அது. ஆக்கப்பட்ட பொருளுக்கு வரலாறு இருந்தே தீரும்.

முதலில் அந்நிலத்தின் இயல்பைக் காண்போம். அடியில் கருங்கற் பாறை. அதன்மேல் சரளை கலந்த செம்மண். வடக்கிலும் கிழக்கிலும் செல்லச் செல்லச் செம்புறாங்கல் தலைகாட்டும். வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. வெள்ளாறும் பாம்பாறும் மழை பெய்தால் ஓடும், மழை நின்றால் மணலாய்க் கிடக்கும். ஆண்டு மழை ஏறக்குறைய 900 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடும். 1934இல் மேட்டூர் அணையோடு ஒட்டி அமைந்த கல்லணைக் கால்வாய் அறந்தாங்கிப் பக்கத்துக்குக் காவிரி நீரைக் கொண்டுவந்தது. திருமயத்துக்கு அப்பேறும் வாய்க்கவில்லை.

இத்தகைய சரிந்த செம்மண் நிலத்தில் பெருமழை பெய்தால் நேர்வது யாது? மழைத்துளி மண்கட்டியை உடைக்கிறது. உடைந்த மண்ணில் மிக நுண்ணிய பகுதியாகிய களியும், இலைதழை மக்கிய கருமையான சத்தும் நீரோடு முதலில் புறப்பட்டு விடுகின்றன. கனத்த மணலும் சரளையும் பின்தங்கிவிடுகின்றன. ஆண்டுதோறும் இவ்வாறு நிகழுமாயின் மேட்டு நிலம் எலும்பும் தோலுமாய் நிற்கும். ஓர் அங்குல மேல்மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் வேண்டும். அது கழுவிப் போவதற்கோ இரண்டு மூன்று பெருமழை போதும்.

ஓடும் நீரை மறித்து நம் முன்னோர் கண்மாய் வெட்டினர் என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தில் மட்டும் ஏரி, கண்மாய், ஏந்தல், தாங்கல் எனப் பல பெயர்களில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட நீர்நிலைகள் உள்ளன. அவர்கள் மறித்தது நீரை மட்டுமன்று, நீரோடு ஓடிய மண்ணையும்தான் என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. மேட்டிலிருந்து தப்பிய நுண்மண் கடலுக்குப் போய்விடாமல் கண்மாயில் தங்கிற்று. கலங்கல் நீர் அசைவற்று நின்றதும் களி அடியிற் படிந்தது. ஆடும் மாடும் மேய்ந்து இட்ட சாணமும், கரை மரங்களின் சருகும், நீர்ச்செடிகளின் மக்கலும் அதனோடு சேர்ந்தன. அதுவே வண்டல். தென் சீமையில் கரம்பை என்றும் கூறுவர்.

புறநானூற்றின் 18ஆம் பாட்டில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு ஓர் அறிவுரை கூறுகின்றார். உணவு என்பது நிலமும் நீரும் கூடியதே என்றும், அவ்விரண்டையும் கூட்டுவித்தவரே உடம்பையும் உயிரையும் படைத்தவர் ஆவர் என்றும், ஆதலின் நிலம் குழிந்த இடங்களில் நீரைத் தடுத்து நிறுத்துக என்றும் அவர் வேண்டுகின்றார். நீர் என்று மட்டும் கூறாமல் நிலத்தோடு கூடிய நீர் என்று அப்புலவர் கூறியிருப்பது கருதத்தக்கது. வானம் பார்த்த பாண்டி நாட்டின் அனுபவமே அப்பாட்டில் பேசுகிறது எனலாம்.

இவ்வனுபவம் கல்லிலும் வடிக்கப்பட்டிருக்கிறது. புதுக்கோட்டைப் பகுதிப் பழைய கண்மாய்களுக்குள் நீர் வற்றிய காலத்தில் நடந்து சென்றால், கரையிலிருந்து சற்றுத் தொலைவில் இரண்டு கற்றூண்கள் நிற்பதைக் காணலாம். அவற்றின் நடுவே குறுக்குப் பலகைக் கற்கள் இருக்கும். சிலவற்றில் அதனை நிறுவியவரின் பெயர் பொறித்த கல்வெட்டும் உண்டு. இதற்குக் குமிழி என்றும் குமிழித் தூம்பு என்றும் பெயர். தூண்களின் அடியில் ஒரு கல் தொட்டி. அதன் மேற்புறத்தில் ஒரு துளை, நீரோடி. பக்கங்களில் தரையை ஒட்டிச் சிறு துளைகள், சேறோடி. மேல் துளையின் அடைப்பைத் தூக்கியவுடன் நீர் சுழித்துக்கொண்டு இறங்கும். அவ்விசையால் அடியிலுள்ள சேறும் பக்கத் துளைகளின் வழியே இழுக்கப்பட்டு, நீரோடு கலந்து, கரைக்கடியில் செல்லும் சுருங்கை வழியாக வயலைச் சென்றடையும். தூம்பைச் சுற்றி மண் மூடாதிருக்கவும், வயலுக்கு வண்டல் தானாகவே போய்ச் சேரவும் ஒரே அமைப்பால் வழி செய்துவிட்டனர். பொறியியல் நூல் எதனையும் பயிலாத கற்றச்சரும் ஊராரும் செய்த ஏற்பாடு இது. கரையோரத்தில் நின்று இரும்புத் திருகால் திறக்கும் இக்கால மதகு நீரை விடும். சேற்றை இழுத்து வயலுக்கு அனுப்பும் வேலையை அது செய்வதில்லை.

குமிழியால் செல்லும் சேறு கொஞ்சமே. எஞ்சியதை மனிதர்தான் அள்ள வேண்டும். அள்ளுவதற்கு ஊரில் ஓர் ஒழுங்கும் வேண்டும். உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்னும் குழுவைக் குறிப்பிடுகின்றன. ஏரிப் பராமரிப்புக்கென்று விடப்பட்ட நிலத்துக்கு ஏரிப்பட்டி என்றும், அதற்கென வாங்கிய வரிக்கு ஏரி ஆயம் என்றும் பெயர் இருந்தது. புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1929இல் வெளியிட்ட ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகளின் தொகுப்பைப் புரட்டுவோர், நீரும் நிலமும் மடையும் வாய்க்காலும் திரும்பத் திரும்பப் பேசப்படுவதைக் காண்பர். போர்வெற்றிகளைத் தேடிப் புகுவோருக்கு இஃது ஏமாற்றமாகவும் இருக்கலாம்.

திருமயத்திலேயே ஒரு சான்று உண்டு. அருகருகே இருந்த சைவ, வைணவக் கோயில்களுக்குள் நிலங்களின் வருவாயைப் பற்றி நெடுங்காலம் வழக்கு நிகழ்ந்தது. 1245ஆம் ஆண்டில் ஹொய்சளத் தண்டநாயகன் அப்பண்ணன் இரு திறத்தாரையும் கூட்டி அதனைத் தீர்த்துவைத்தான்; தீர்ப்பு கல்லில் வெட்டப்பட்டது. சமயப் பூசல் என்று இதனைச் சுருக்கிக் கூறிவிடுவர். ஆனால் வழக்கின் நடுவே இருந்தது விளைச்சல். விளையாத சரளைக் காட்டுக்காக இரண்டு கோயிலாரும் அத்தனை காலம் வழக்காடியிருப்பரா? அந்த வறண்ட சீமையில், பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே, போராடத்தக்க அளவு வளமுள்ள நிலம் உருவாகியிருந்தது என்பதே நான் அக்கல்வெட்டில் காணும் செய்தி.

இனி அவ்வளம் எவ்வாறு ஆண்டுக்காண்டு காக்கப்பட்டது என்பதைக் காண்போம். தை, மாசியில் அறுவடை முடியும். சித்திரை பிறந்ததும் கண்மாய் வற்றி, வண்டல் பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கும். அப்போது மாட்டுவண்டிகள் உள்ளே இறங்கும். மண்வெட்டியால் வெட்டிக் கூடையில் அள்ளி வண்டியில் ஏற்றி, வயலில் சிறு சிறு குவியலாகக் கொட்டுவர். வெயிலில் அது பொரிந்து உதிரும். முதல் மழை விழுந்ததும் பரப்பி உழுதுவிடுவர். கண்மாய் ஆழமாயிற்று, வயலுக்கு உரமும் ஆயிற்று. சீனத்திலும் இத்தகைய வழக்கம் இருந்தது. கால்வாய்ச் சேற்றை அள்ளி வயலிலும் முசுக்கொட்டைத் தோட்டத்திலும் இடுவதை அமெரிக்க மண்ணியல் அறிஞர் கிங் நேரிற் கண்டு வியந்து எழுதினார். அவருடைய நூல் 1911இல் வெளிவந்தது. நாற்பது நூற்றாண்டுகள் உழுதும் அந்நாட்டு நிலம் களைக்காதது ஏன் என்பதே அவர் ஆராய்ந்த கேள்வி.

வண்டல் செம்மண்ணுக்குச் செய்யும் உதவி என்ன என்பதை நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் மாணவர்க்கு ஒரு கண்ணாடிக் குப்பியைக்கொண்டு விளக்குவது வழக்கம். குப்பியில் பாதியளவு வயல்மண்ணை இட்டு, நீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி மேசைமேல் வைத்துவிட்டால், ஒரு நிமிடத்துக்குள் மணல் அடியில் படிந்துவிடும். பிறகு சில மணி நேரத்தில் நொய்ம்மண் படியும். களி மட்டும் மறுநாளும் நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். மேட்டுச் செம்மண் குப்பியில் மணலடுக்குத் தடித்தும், களியடுக்கு நூலிழை போலவும் இருக்கும். கண்மாய் வண்டல் இட்ட குப்பியில் நிலைமை தலைகீழ். தம் வீட்டு நிலத்து மண்ணைத் தாமே கொண்டுவந்து இச்சோதனையைச் செய்த பிள்ளைகள் பாடப் புத்தகத்தை மறந்தாலும் இதை மறக்கவில்லை என்பதைப் பின்னாளில் அவர்கள் கூறக் கேட்டிருக்கிறேன்.

களித்துகள் மிகமிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூற்றில் ஒரு பங்கினும் குறைவு. சிறியதாக இருப்பதாலேயே ஒரு கைப்பிடிக் களியின் மொத்தப் பரப்பு மிகப் பெரிதாகிறது. அப்பரப்பில்தான் நீரும், சாம்பல் சத்து, சுண்ணாம்புச் சத்து முதலியனவும் ஒட்டிக்கொண்டு நின்று வேருக்குக் கிடைக்கின்றன. மணலில் இட்ட உரம் அடுத்த மழையிலேயே கீழிறங்கி மறையும். வண்டல் இட்ட நிலத்தில் அது தங்கும். மழை தவறிய நாட்களில் பயிர் வாடாது சில நாள் கூடுதலாகத் தாங்கும். வானம் பார்த்த நிலத்தில் ஒரு வார ஈரம் என்பது ஒரு போக விளைச்சலுக்குச் சமம்.

வண்டலோடு வேறு துணைகளும் இருந்தன. இராமநாதபுரச் சீமையிலிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தைகளை ஓட்டிக்கொண்டு வந்து அறுவடையான வயல்களில் இரவில் கிடை போடுவர். கொளுஞ்சியும் ஆவாரையும் எருக்கும் தழையுரமாயின. உழவு பற்றிய அதிகாரத்தில் திருவள்ளுவர், ஒரு பலப் புழுதி காற்பலம் ஆகும்வரை உழுது உலரவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்று கூறுவதை நாம் அறிவோம். அடுத்த குறளிலேயே உழுவதினும் எருவிடுதல் நன்று என்றும் அவரே கூறுகின்றார். இவ்விரண்டும் முரண் என்று கருதி மாணவர் குழம்புவதுண்டு. களி மிகுந்த கெட்டி நிலத்துக்கு முதலாவது பொருந்தும். நம் செம்மண் சீமைக்கு இரண்டாவதே பொருந்தும் என்று நான் விடை கூறுவேன். உரையாசிரியர்கள் இதனை ஏற்பார்களோ, அறியேன்.

இச்சுற்று எப்போது அறுந்தது? ஒரு நாளில் அறுந்ததன்று. ஒருவர் அறுத்ததும் அன்று. சென்னை இராசதானியில் கம்பெனி ஆட்சியின்கீழ் ஊர்ப் பொதுவேலையாகிய குடிமராமத்து தளர்ந்தது. அதனை வற்புறுத்தி நடத்த 1858இல் ஒரு சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. சட்டம் வந்த பிறகும் பழைய வழக்கம் திரும்பவில்லை. தனிச் சமஸ்தானமாக இருந்த புதுக்கோட்டையில் கதை சற்று வேறு. அங்கு விளைச்சலை அரசும் குடியும் பங்கிட்டுக்கொள்ளும் அமானி முறை நிலவிற்று. களத்துமேட்டில் அரசு ஆட்களின் காவலும் கெடுபிடியும், அவற்றையும் மீறிய தானியக் களவும் குடிகளை வாட்டின. 1878 முதல் 1894 வரை நிருவாகத்தை நடத்திய சேஷையா சாஸ்திரியார் அம்முறையை ஒழித்துப் பணவரியைக் கொண்டுவந்தார். தலைநகரின் குளங்களைத் திருத்தியவரும் அவரே. அமானி ஒழிந்தது நன்மை என்பதில் ஐயம் இல்லை. ஆயினும், வயலில் நெல் குறைந்தால் அரண்மனைக் களஞ்சியத்திலும் நெல் குறையும் என்றிருந்த நேர்த்தொடர்பு அதனோடு நீங்கிற்று என்று எனக்குத் தோன்றுகிறது.

1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974 ஜனவரியில் தனி மாவட்டமாயிற்று. பெரிய கண்மாய்கள் பொதுப்பணித் துறையிடமும், நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ளவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் சேர்ந்தன. இடைக்காலத்தில் இரசாயன உரமும் குறுவயது நெல்லும் வந்தன. ஒரு மூட்டை யூரியாவை மிதிவண்டியில் வைத்துக் கொண்டுவந்துவிடலாம். அதற்கு ஈடாகப் பத்து நாள் கோடை வெயிலில் கரம்பை அடிப்பவர் யார்? உழவரைக் குறைகூற இயலாது. அந்நெல் பலரின் பசியைத் தீர்த்தது. ஆனால் யூரியா பயிருக்கு உணவேயன்றி மண்ணுக்கு உடம்பு ஆகாது. கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் 1909இல் தொடங்கி நூறாண்டு கடந்தும் நடைபெற்ற நிலையான உரச் சோதனையில், தொழுவுரம் தொடர்ந்து இட்ட பாத்திகளின் மண்ணில் மக்குச்சத்து மிகுந்து நின்றது. அதற்கும் முன்பே, 1889இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட வேதியியல் அறிஞர் வோல்க்கர், இந்நாட்டு உழவர் திறத்தைப் பாராட்டியதோடு, வயலுக்குப் போகவேண்டிய சாணம் அடுப்பில் எரிகிறதே என்று வருந்தினார். எரிக்க விறகு கொடுங்கள், சாணம் வயலுக்குப் போகும் என்பது அவர் கருத்து.

விறகுக்கென்று வந்த மரங்களின் கதை வேறாக முடிந்தது. சீமைக்கருவேலம் இந்தியாவுக்கு வந்தது 1877ஆம் ஆண்டை ஒட்டி, வனத்துறை வழியாக. சுதந்திரத்துக்குப் பிறகு விமானத்திலிருந்து விதை தூவினர் என்று ஊர்ப்புறத்தில் வழங்கும் கதையை மட்டும் நம்பி அதன் வயதைக் கணக்கிடலாகாது. அடுப்பெரிக்க அது உதவிற்று என்பதையும் மறுக்கலாகாது. ஆனால் அது கண்மாய்க்குள் இறங்கியபின் வண்டல் வெட்டுவது அரிதாயிற்று. முள்ளையும் தூரையும் கடந்து மண்வெட்டி எங்கே இறங்கும்? மேட்டுக் காடுகளில் காகிதத்துக்கென யூக்கலிப்டஸ் என்னும் தைலமரம் பரப்பப்பட்டது. 1974இல் அமைந்த தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் இம்மாவட்டத்தில் அதனைப் பெருமளவில் வளர்த்தது. தோட்டத்தில் நீர் தங்குவதற்காக எடுக்கப்படும் வரப்புகள் கண்மாய்க்கு வரவேண்டிய வரத்துநீரை மறிக்கின்றன என்பது உழவர்களின் நெடுநாளைய முறையீடு. நீர் வாராத கண்மாய்க்கு வண்டலும் வாராது.

இவ்வளவுக்குப் பின்னும் நிலம் திருந்துமா என்றால், திருந்தும் என்பதற்கு மாவட்டத்துக்குள்ளேயே சான்று உண்டு. கீரனூரை அடுத்த ஒடுகம்பட்டியில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரும் அவரோடு இணைந்தோரும் கொளுஞ்சிப் பண்ணையை உருவாக்கினர். புல்லும் அரிதாக முளைத்த மேட்டு நிலம், மழைநீரை அங்கங்கே நிறுத்தியும், தழையால் மூடியும், மரம் வளர்த்தும் சோலையாயிற்று. பண்ணைக்கு அவர்கள் ஒரு தழையுரச் செடியின் பெயரை இட்டது பொருத்தமே.

அரசும் பழைய வழியை மீண்டும் திறந்திருக்கிறது. 2017இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே ஒரு திட்டம் தொடங்கியது. அவ்வாண்டிலேயே உழவர் வண்டலைக் கட்டணமின்றி எடுக்க இசைவு அளிக்கப்பட்டது: நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர், அதாவது 25 டிராக்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர், அதாவது 30 டிராக்டர். 2024 முதல் அவ்விசைவை வட்டாட்சியரே வழங்கும்படி செய்தனர். மாவட்டத் தலைநகருக்கு அலைந்த காலம் போயிற்று.

இங்கு ஓர் எச்சரிக்கை கூறவேண்டியிருக்கிறது. வண்டல் என்ற பெயரில் சவுட்டு மண்ணும் சரளையும் லாரிகளில் ஏறி, மனைகளை நிரப்பவும் செங்கற் சூளைக்கும் போவது பல இடங்களில் நிகழ்கிறது. மண்வெட்டிக்கு ஆழம் தெரியும். பொக்லைன் இயந்திரத்துக்குத் தெரியாது. வண்டலடுக்கின் கீழே இறுகிய களித்தளம் ஒன்று உண்டு. நீர் கீழே கசிந்துவிடாமல் கண்மாயைத் தாங்குவது அதுதான். அதனைக் குத்திவிட்டால் அடுத்த மழையின் நீர் கண்மாயில் நில்லாது. மடையின் மட்டத்துக்குக் கீழே பள்ளம் தோண்டினால் அப்பள்ளத்து நீர் வயலுக்கு ஏறவும் மாட்டாது. கரையை ஒட்டித் தோண்டினாலோ கரையே சரியும்.

ஆகவே வெட்டுமுன் ஒரு காரியம் செய்தல் வேண்டும். கோடையில் கண்மாயின் நடுவே ஒரு முழ ஆழத்துக்குச் சிறு குழி எடுத்துப் பாருங்கள். மேலே கருமையாய், உலர்ந்தால் வெடிப்பதாய், கையில் நனைத்து உருட்டினால் நாடாவாக நீள்வதாய் இருப்பது வண்டல். நிறம் வெளுத்து, விரலில் நறநறவென்று உறுத்தத் தொடங்கும் இடத்தில் மண்வெட்டியை நிறுத்திவிட வேண்டும். ஊரில் மூத்தவர் ஒருவரையேனும் உடன் அழைத்துச் செல்வது நல்லது. விண்ணப்பத்தைப் பங்குனிக்குள் வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டால், ஆடி மழைக்கு முன்பே வண்டல் வயலில் பொரிந்து உதிர்ந்திருக்கும்.